லைட் எரியல்ல சேர்



கொஞ்சம் நீளமான பதிவு. இரண்டு காரணத்துக்காக எழுதுகிறேன். ஒன்று, கார், வேன், பைக் என்று எது வைத்திருந்தாலும் உங்களுக்குப் பயன்படும். மற்றது, ஊரில் ஒரு பிள்ளைக்கு நான் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அதைத் தனியாக வீட்டில் வைத்துக் கொடுக்க முடியாது. எல்லோருக்கும் முன்னால்தான் கொடுக்க வேண்டும். அதனால் கடைசி வரை வாசியுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முந்திய ஒரு செவ்வாய்க்கிழமை. அக்கரைப்பற்றில் ஒரு வேலையை முடித்துவிட்டு மஃரிபுக்குப் பிறகு காரில் தனியாக வந்துகொண்டிருந்தேன். ஒலுவில் தாண்டி, வயல்வெளியும் தாண்டி, ஊருக்குள் நுழைகிற இடம் உங்களுக்குத் தெரியும். தெருவில் எந்த நேரமும் மாடு நிற்கும். அன்றைக்கு ஒரு கன்று இடது பக்கமிருந்து குறுக்கே ஓடியது. பிரேக்கை மிதித்தேன். கன்று தப்பிவிட்டது. அடுத்த நொடி பின்னால் பெரிய சத்தம். கார் ஒரு முறை குலுங்கியது.

இறங்கிப் பார்த்தால் ஒரு பைக் விழுந்து கிடக்கிறது. பக்கத்தில் ஒரு பொடியன் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. தரம் 10 இலும் 11 இலும் என்னிடம் விஞ்ஞானம் படித்தவன். இப்போது உயர்தரம். வகுப்பு முடிந்து வாப்பாவின் பைக்கில் வந்துகொண்டிருந்தான். பைக்கின் பின்னால் மீன்பெட்டி கட்டுகிற கம்பிச்சட்டம். அவன் வாப்பா காலையில் அந்த பைக்கில்தான் மீன் கொண்டுபோய் விற்கிறவர்.

என்னுடைய பம்பர் வெடித்துப் போயிருந்தது. எனக்குக் கோபம். முதலில் கையைப் பார்த்திருக்க வேண்டும். நான் பம்பரைப் பார்த்தேன்.

“கண்ண எங்க வெச்சிட்டு ஓடுற?” என்றேன்.

“சேர், லைட் எரியல்ல சேர். பிரேக் லைட் எரியல்ல” என்றான்.

அதற்கு நான் சொன்ன பதில்தான் இந்தப் பதிவை எழுத வைக்கிறது. “செய்றதையும் செஞ்சிட்டுப் பொய் சொல்லாத” என்றேன். அதுவும் சத்தமாக. தேத்தண்ணிக் கடையடியில் நின்ற பத்துப் பதினைந்து பேருக்கும் கேட்டது.

ஒரு சேர் சொன்னால் ஊர் நம்பும். “பின்னால வந்து அடிச்சவன்ட பிழைதானே” என்றார் ஒருவர். “போனப் பாத்துக்கிட்டு வந்திருப்பான்” என்றார் இன்னொருவர். அவன் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. யாரோ த்ரீவீலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மணிக்கட்டில் மெல்லிய வெடிப்பு, மூன்று கிழமை கட்டு.

வீட்டுக்கு வந்ததும் மனம் கேட்கவில்லை. அவன் சொன்னது உண்மையாக இருந்தால் என்று ஒரு சின்ன உறுத்தல். முற்றத்தில் கார் நின்றது. ஹெட் லைட்டை அணைக்கவுமில்லை. மனைவியைக் கூப்பிட்டு, “பின்னுக்கு நிண்டு பாருங்க, லைட் எரியுதா?” என்று கேட்டுக்கொண்டே பிரேக்கை மிதித்தேன்.

“ஓம், செவப்பா எரியுது” என்றா.

சரி, நான் சொன்னதுதான் சரி என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்தேன். அந்தச் சோதனையில் என்ன பிழை என்று இப்போது இதை வாசிக்கிற சிலருக்கு விளங்கியிருக்கும். எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. வருடா வருடம் தரம் 11 பிள்ளைகளுக்கு மின்சுற்று படிப்பிக்கிற ஆள் நான்.

மூன்றாம் நாள் அவன் வாப்பா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “மகன் செஞ்ச பிழைக்கு மன்னிச்சிக்கங்க சேர். படிப்பிச்ச சேர்ட காரப் போய் அடிச்சிட்டான்” என்று சொல்லி ஒரு கடித உறையை நீட்டினார். அதற்குள் 15,000 ரூபா. பைக்கின் முன்சில்லு வளைந்து கராஜில் கிடந்தது. நான்கு நாளாக அவர் மீனுக்குப் போகவில்லை என்று பிறகுதான் அறிந்தேன். நான் கேட்கவில்லை. உறையை வாங்கினேன். “பரவாயில்ல காக்கா, பிள்ளைய இனிக் கவனமா ஓடச் சொல்லுங்க” என்று புத்திமதியும் சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு ஒரு பத்து நாள் போயிருக்கும். இஷாவுக்குப் பிறகு காரை ரிவர்ஸில் முற்றத்துக்குள் எடுத்தேன். எங்கள் பின்மதிலுக்குப் போன நோன்புப் பெருநாளுக்குத்தான் வெள்ளை அடித்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது பிரேக்கைத் தொட்டால் மதில் முழுக்கச் சிவப்பாகும். கண்ணாடியில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அன்றைக்கு மதில் சிவக்கவில்லை. பின் லைட்டின் மங்கல் சிவப்பு மட்டும் இருந்தது. காலை எடுத்துத் திரும்ப மிதித்தேன். மதில் பளிச்சென்று சிவந்தது. இன்னொரு முறை மிதித்தேன். ஒன்றும் இல்லை.

காருக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தேன். அவன் குரல்தான் காதில் கேட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் வாகனத்தில் இதைத் தேடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் மனைவியை வைத்துச் செய்த சோதனை ஏன் பிழைத்தது? பெரும்பாலான பழைய கார்களில் பின் லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே பல்பு. அந்தப் பல்புக்குள் இரண்டு இழை இருக்கும். ஒன்று 5 வாட், இரவில் எப்போதும் எரிவது. மற்றது 21 வாட், பிரேக்குக்கு மட்டும் எரிவது. ஹெட் லைட் போட்டிருந்தால் 5 வாட் இழை எப்படியும் எரிந்துகொண்டிருக்கும். பின்னால் நிற்கிறவருக்குச் சிவப்புத் தெரியும். நான் “எரியுதா?” என்று கேட்டேன், அவ “எரியுது” என்றா. அவ சொன்னது உண்மை. நான் கேட்ட கேள்விதான் பிழை. “மிதிக்கும்போது கூடுதா? ரெண்டு பக்கமும் கூடுதா? விட்டதும் குறையுதா?” என்று கேட்டிருக்க வேண்டும். எல்லா லைட்டையும் அணைத்துவிட்டுச் சோதித்திருந்தால் அந்தக் கேள்விகளும் தேவைப்பட்டிருக்காது.

அடுத்த நாள் சனிக்கிழமை. காலையில் எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, பின்னால் ஒரு கதிரையில் போனை நிறுத்தி வீடியோ பதிவைப் போட்டுவிட்டு, உள்ளே வந்து இருபது முறை பிரேக்கை மிதித்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு அளவீட்டைத் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்கிறோமே, அதே போல. பிறகு வீடியோவை ஓட்டிப் பார்த்து எண்ணினேன். வலது பக்கம் இருபதில் பதினொரு முறை எரிந்திருந்தது. இடது பக்கம் ஒரு முறைகூட இல்லை. மேலே மூன்றாவது பிரேக் லைட் என் காருக்குக் கிடையாது.

இடது பக்கப் பல்பைக் கழற்றினேன். டிக்கியைத் திறந்து உள்ளே கையை விட்டு அதன் கூட்டைத் திருப்பினால் வெளியே வந்துவிடும். 21 வாட் இழை அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. 5 வாட் இழை நன்றாக இருந்தது. அதனால்தான் இரவில் அந்தப் பக்கம் எரிவது போலவே தெரிந்திருக்கிறது. புதுப் பல்பு வாங்கிப் போட்டேன். அதன் அடிப்பகுதியில் இருக்கிற இரண்டு ஊசிகளும் ஒரே உயரத்தில் இராது. அதனால் ஒரு விதமாகத்தான் உள்ளே போகும். பலவந்தமாகத் திருகினால் கூடு உடையும்.

மிதித்துப் பார்த்தேன், இரண்டும் எரிந்தன. அல்ஹம்துலில்லாஹ், முடிந்தது என்று நினைத்தேன். நல்ல வேளை, திரும்பவும் வீடியோ எடுத்தேன். இருபதில் பன்னிரண்டு. எரியும்போது இரண்டும் சேர்ந்தே எரிகின்றன. எரியாதபோது இரண்டும் சேர்ந்தே எரியவில்லை.

ஒரு பிழையைக் கண்டுபிடித்ததும் தேடுவதை நிறுத்திவிடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். என் காரில் இருந்தது ஒரு பிழை அல்ல, இரண்டு.

இரண்டு பக்கமும் ஒன்றாகப் போகிறது என்றால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும். பொதுவான இடங்கள் அதிகமில்லை. பற்றரியிலிருந்து வருகிற மின் முதலில் உருகிக்கு, அதாவது பியூஸுக்கு வருகிறது. அங்கிருந்து ஆளிக்கு. அங்கிருந்து வயர் வழியாகப் பின்னால் இரண்டு பல்புக்கும். பல்பிலிருந்து காரின் உடம்பு வழியாகத் திரும்பப் பற்றரிக்கு.

ஆளி என்று நம் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கராஜில் போய் ஆளி என்று சொன்னால் சிரிப்பார்கள். சுவிட்ச்.

பியூஸ் போயிருந்தால் ஒரு முறைகூட எரியாது. சில முறை எரிவதால் அது இல்லை. ஆனாலும் கழற்றிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஏர்த் பிழைத்திருந்தால் அதே கூட்டில் இருக்கிற பின் லைட்டும் சிக்னலும் கூடத் தடுமாறும். அவை ஒழுங்காக எரிந்தன. மிச்சம் இருந்தவை சுவிட்சும் வயரும்.

பிரேக் லைட் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. எட்டு வருடமாகக் கார் ஓடுகிறேன். ஓட்டுநர் இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டு, கீழே தலையை விட்டு, போன் டோர்ச்சை அடித்துப் பார்த்தால் தெரியும். பிரேக் பெடலின் தண்டு மேலே போகிற இடத்தில், ஒரு இரும்புத் தகட்டில், விரலளவு பிளாஸ்டிக் சாமான் ஒன்று மாட்டியிருக்கும். அதன் முனையில் ஒரு சின்ன ஊசி. பின்னால் இரண்டு வயர்.

அது வேலை செய்கிற விதம் நாம் நினைப்பதற்கு நேர் எதிர். நான் பெடலை மிதித்தால் சுவிட்ச் அமுங்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. கால் வைக்காதபோதுதான் பெடலின் தண்டு அந்த ஊசியை அமுக்கிக்கொண்டு நிற்கிறது. அமுங்கியிருக்கும்போது சுற்று திறந்திருக்கும். நாம் மிதித்ததும் தண்டு விலகும், ஊசி வெளியே வரும், உள்ளே இரண்டு உலோகத் துண்டு ஒன்றையொன்று தொடும், லைட் எரியும். குளிர்சாதனப் பெட்டிக் கதவைத் திறந்ததும் உள்ளே லைட் எரிகிறதே, அதே வேலை.

இரண்டு பல்புக்கும் சேர்த்து 42 வாட். 12 வோல்ட்டில் அது 3.5 அம்பியர். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் அந்தச் சின்ன உலோகத் துண்டுகளுக்கிடையில் சின்னதாகப் பொறி பறக்கும். ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலே ஐம்பது அறுபது முறை பிரேக் பிடிப்போம். வருடக்கணக்கில் அது கருகுவதில் புதினம் ஒன்றும் இல்லை. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பல வருடம் பழைய வாகனங்களையே வைத்து இழுத்த நாடு இது. நம் ஊரில் ஓடுகிற வாகனங்களில் எத்தனை சுவிட்ச் இப்படிக் கருகிக் கிடக்கிறதோ.

பழக்கமான மெக்கானிக் காக்காவுக்கு கோல் எடுத்தேன். முழுவதையும் சொல்லி முடிக்கவில்லை. “சுவிட்ச் சேர். வயரக் கழட்டி ரெண்டையும் முட்ட வெச்சிப் பாருங்க” என்றார்.

சுவிட்சின் பின்னால் இருக்கிற சொக்கட்டைக் கழற்றினேன். அதன் இரண்டு துளைக்குள்ளும் ஒரு சின்ன வயர்த் துண்டை மாட்டிவிட்டுப் பின்னால் ஓடிப் போய்ப் பார்த்தேன். இரண்டு பல்பும் அசையாமல் எரிந்துகொண்டிருந்தன. வயரை ஆட்டிப் பார்த்தேன், சொக்கட்டைத் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. ஆகவே வயரில் பிழை இல்லை. சுவிட்ச்தான்.

இது இரண்டு வயர் உள்ள சாதாரண சுவிட்சுக்கு மட்டும். நான்கு வயர் உள்ளது, ஒட்டோ கியர் கார், புஷ் ஸ்டார்ட் கார் என்றால் எது எதற்கு என்று தெரியாமல் வயரை முட்ட வைக்க வேண்டாம். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சுவிட்ச் தன் இடத்தை விட்டு நகர்ந்திருந்தாலும் இப்படி நடக்கலாம் என்பதால், அதன் நட்டைத் தளர்த்தி ஒரு சுற்று முன்னும் பின்னும் திருகிப் பார்த்தேன். பலனில்லை. கடைசியாகக் கழற்றி எடுத்து, பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து அனுமதி எடுத்துக் கொண்டுவந்திருந்த மல்டிமீற்றரை அதன் இரண்டு முனையிலும் வைத்தேன். நல்ல சுவிட்ச் என்றால் ஊசி வெளியே நிற்கும்போது தடை கிட்டத்தட்டப் பூச்சியம் காட்ட வேண்டும். என்னுடையது ஒரு முறை 0.6 காட்டியது, மறு முறை 40, அடுத்த முறை ஒன்றுமே காட்டவில்லை. ஒவ்வொரு முறையும் அதே விரலால் அதே ஊசியைத்தான் விட்டேன்.

அக்கரைப்பற்றில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்குப் பழையதைக் கையில் கொண்டுபோனேன். அதுதான் நல்லது. வாயால் சொன்னால் வேறொன்றைத் தருவார்கள். வயர் எத்தனை, சொக்கட்டின் வடிவம், மரையின் தடிப்பு, ஊசியின் நீளம் நான்கும் ஒத்துப்போக வேண்டும். 1,200 ரூபாவுக்கு ஒன்று, 3,500 ரூபாவுக்கு ஒன்று காட்டினார். ரீகண்டிஷன் ஒன்றும் இருந்தது. அதுவும் யாரோ வருடக்கணக்கில் மிதித்தது என்பதால் விட்டுவிட்டேன். 3,500 ரூபா கொடுத்தேன். முன்னமே இதைச் செய்திருந்தால் ஒரு பிள்ளையின் கை தப்பியிருக்கும் என்று நினைத்தபோது விலை பேச வாய் வரவில்லை.

கடையில் நின்ற ஒருவர், “ஸ்ப்ரே அடிச்சா சரி வருமே சேர்” என்றார். மெக்கானிக் காக்கா அதைப் பற்றி முன்னமே சொல்லியிருந்தார்: “அடிச்சா எரியும். ரெண்டு மாசம் போகும். மறுகா ஒரு நாள் எரியாது. அது எந்த நாளெண்டு உங்களுக்குத் தெரியா.”

மாட்டுவது கஷ்டமில்லை, கழுத்துத்தான் நோகும். பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பழையதைத் திருகி எடுத்த வழியில் புதியதைத் திருகி உள்ளே விட வேண்டும். பிறகு பற்றரியையும் சொக்கட்டையும் மாட்டிவிட்டுத்தான் அளவு வைக்க வேண்டும். காலை வைக்காமல், லைட் எரிந்துகொண்டிருக்கும் நிலையில், மெல்ல மெல்ல உள்ளே திருக வேண்டும். ஒரு இடத்தில் லைட் அணையும். அதிலிருந்து அரைச் சுற்று மேலதிகமாகத் திருகி நட்டை இறுக்கினேன். பெடலை இலேசாகத் தொட்டதும் எரிய வேண்டும், விட்டதும் அணைய வேண்டும்.

இங்கே இரண்டு ஆபத்து உண்டு. சுவிட்ச் போதாமல் வெளியே நின்றால் லைட் அணையாது. இரவு முழுக்க எரிந்து காலையில் பற்றரி இறங்கியிருக்கும். பின்னால் வருகிறவருக்கும் நாம் எப்போது நிறுத்துகிறோம் என்று தெரியாது. மிதமிஞ்சி உள்ளே போனால் அது பெடலையே தள்ளிக்கொண்டு நிற்கும், பிரேக் இலேசாகப் பிடித்தபடியே கார் ஓடும். அதனால் மாட்டிய பிறகு ஐந்து நிமிடம் ஓடிவிட்டு வந்து, நான்கு சில்லுக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோய் அளவுக்கு மீறிச் சூடு தெரிகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஊசியை அமுக்குகிற இடத்தில் பெடல் தண்டில் ஒரு சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடி இருக்கும். பழைய கார்களில் அது நொறுங்கி விழும். விழுந்தால் ஊசி அந்தத் துளைக்குள்ளால் வெளியே வந்துவிடும், லைட் அணையவே அணையாது. காலுக்குக் கீழே பாயில் காரணமில்லாமல் பிளாஸ்டிக் துண்டுகள் கிடந்தால் எறிய முன் மேலே பாருங்கள். சுவிட்சில் பிழை இராது. அந்த மூடியை மாற்றினால் போதும்.

எல்லாம் முடிந்ததும் மகளைப் பின்னால் நிறுத்திவிட்டு இருபது முறை மிதித்தேன். “இருபது வாப்பா” என்று கத்தினாள். இந்த முறை எரிகிறதா என்று கேட்கவில்லை. எண்ணச் சொன்னேன்.

அன்றைக்கு அஸருக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போனேன். பழைய சுவிட்சைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். ஏன் அதைக் கொண்டுபோனேன் என்று தெரியவில்லை. வெறும் வாயால் சொல்ல வெட்கமாக இருந்திருக்கலாம்.

வாப்பா முற்றத்தில் மீன்பெட்டி கழுவிக்கொண்டிருந்தார். மகன் திண்ணையில் கையில் கட்டோடு படித்துக்கொண்டிருந்தான். நான் நின்றபடியே சொன்னேன். “காக்கா, பிழை என்ட. என்ட கார்ல பிரேக் லைட் வேலை செய்யல்ல. உங்கட மகன் சொன்னது உண்மை. நான்தான் அவனப் பொய் சொல்றாய் எண்டு சொன்னன்.” உறையைக் கொடுத்தேன். அவருடைய 15,000 உம், சில்லுக்கும் மருந்துக்கும் போனது என்று நான் கணக்குப் பார்த்த இன்னொரு தொகையும் அதற்குள் இருந்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஒரு அடி வைத்தார். “வேணாம் சேர். நடந்தது நடந்து போச்சி. நீங்க படிப்பிச்ச சேர். இதுக்காக வரணுமா?”

“வாப்பா, எடுங்க” என்றான் மகன்.

அவன் குரலில் கோபம் இல்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. வாப்பா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வாங்கினார்.

நான் சுவிட்சை அவனிடம் கொடுத்தேன். வலது கையால் வாங்கி, ஊசியை இரண்டு மூன்று முறை அமுக்கிப் பார்த்தான். “சொன்னன் தானே சேர்” என்றான்.

“ஓம். சொன்ன.”

“நானும் கொஞ்சம் கிட்டத்தான் வந்தன் சேர். ஆனா லைட் எரிஞ்சிருந்தாப் பிடிச்சிருப்பன்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கடையடியில நிண்ட ஆக்களுக்கும் சொல்லுங்க சேர். வாப்பாக்கிட்ட இன்னும் கேக்கிறாங்க, ‘மகனுக்கு ஏன் பைக்கக் குடுக்கிற’ எண்டு” என்றான்.

அவன் கேட்டது அது ஒன்றுதான். நான் அடுத்த நாளே கடைக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “அது பரவாயில்ல சேர்” என்று தேத்தண்ணி ஊற்றித் தந்தார். ஆனால் அன்றைக்கு நின்றவர்களில் மூன்று பேர்தான் அங்கே இருந்தார்கள். நான் சத்தமாகச் சொன்னதை ஊர் முழுக்கக் கொண்டுபோனவர்கள், நான் மெதுவாகச் சொன்னதை அடுத்த வீட்டுக்கும் கொண்டுபோகவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அவனிடமும் அவன் வாப்பாவிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. யாரென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரிந்தவர்களுக்குத்தான் இது தெரிய வேண்டும்: அன்றைக்கு அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. அவன் போன் பார்த்துக்கொண்டும் வரவில்லை. என் காரில்தான் லைட் எரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை “நான் செய்யல்ல சேர்” என்று சொன்னால் எத்தனை முறை “பொய் சொல்லாத” என்று சொல்லியிருப்பேன் என்று அன்று இரவு எண்ணிப் பார்க்க முயன்றேன். எண்ண முடியவில்லை. கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் எங்களுக்குப் பிள்ளையின் உளவியல் படிப்பித்தார்கள். ஒரு பிள்ளை சொல்வதைச் சோதித்துப் பார்க்காமல் பொய் என்று சொல்லக் கூடாது என்பது அந்தப் பாடத்தில் எங்கோ இருந்திருக்கும்.

சரி, இனி உங்கள் பக்கம். வாகனத்தில் இருக்கிற எல்லா லைட்டிலும் ஓடுகிறவர் ஒருபோதும் நேரில் பார்க்காதது பிரேக் லைட்தான். தனியார் காருக்கு ஒவ்வொரு வருடமும் அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது காப்புறுதியையும் புகைப் பரிசோதனையையும் கேட்கிறார்கள். புகைப் பரிசோதனை புகையைத்தான் பார்க்கும். பிரேக் லைட் எரியாவிட்டாலும் மெனுவல் கார் எந்தக் குறையும் காட்டாமல் ஓடும், பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும். ஒட்டோ கியர் காரில் மட்டும் சுவிட்ச் போனால் பெரும்பாலும் கியர் ‘பீ’ யிலிருந்து நகராது, புஷ் ஸ்டார்ட் கார் ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம். பலர் பற்றரி போய்விட்டது என்று நினைத்துப் பற்றரியை மாற்றுகிறார்கள். அதற்கு முன் பிரேக்கை மிதித்துப் பின்னால் லைட் எரிகிறதா என்று பாருங்கள்.

ஆகவே இன்றைக்கே:

1. எல்லா லைட்டையும் அணைத்துவிட்டுச் சோதியுங்கள். பெரும்பாலான கார்களில் சாவி போடாமலே பிரேக் லைட் எரியும். உங்களுடையதில் எரியாவிட்டால் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

2. ஆள் இல்லாவிட்டால் இரவில் வெள்ளை மதிலுக்கு முதுகைக் காட்டி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் போனை நிறுத்தி வீடியோ எடுங்கள்.

3. ஒரு முறை மிதித்துவிட்டு நம்பாதீர்கள். மெதுவாக, பலமாக, இருபது முறை மிதியுங்கள்.

4. ஒரு பக்கம் மட்டும் எரியாவிட்டால் பெரும்பாலும் பல்பு. எல்லாம் எரியாவிட்டால் பியூஸ், சுவிட்ச், வயர். விட்டு விட்டு எரிந்தால் முதலில் சுவிட்சைப் பாருங்கள்.

5. பைக் வைத்திருக்கிறவர்கள்: பெரும்பாலான பைக்குகளில் கைப் பிரேக்குக்கு ஒன்று, கால் பிரேக்குக்கு ஒன்று என்று இரண்டு சுவிட்ச் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

50 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற ஒருவர் ஒரு செக்கனில் சுமார் 14 மீற்றர் கடந்துவிடுவார். நம் லைட் எரிந்தால் அந்த ஒரு செக்கன் அவருக்குக் கிடைக்கும். எரியாவிட்டால் நம் டிக்கி பெரிதாகத் தெரிகிற வரைக்கும் நாம் நிறுத்துகிறோம் என்றே அவருக்குத் தெரியாது.

உங்களுக்குப் பின்னால் வந்த ஒருவர், அது பைக்கில் வந்த சின்னப் பொடியனாக இருந்தாலும், கண்ணாடியைத் தட்டி “லைட் எரியல்ல” என்று சொன்னால், அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு, இறங்கிப் போய்ப் பாருங்கள்.

பழைய சுவிட்ச் அவனிடம்தான் இருக்கிறது. திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கட்டு அவிழ்த்துவிட்டார்கள். கை சரியாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். பரீட்சைக்குப் படிக்கிறான். அவனுக்காகத் துஆச் செய்யுங்கள். வழியில் அவனைக் கண்டால், பைக்கைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம்.